பகிடியும் பகுத்தறிவும்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையைப் படுவான்கரை என்பது எம்மவர் வழக்கு. சூரியன் படுகின்ற கரை அது. வலையிறவுப் பாலத்தைக் கடந்து வவுணதீவில் கால் வைத்ததும் தொடங்குகின்ற அந்நிலம், உன்னிச்சைக் குளம் வரை வயலும் காடுமாக விரிந்து கிடக்கின்றது. அப்பகுதிப் பாடசாலை ஒன்றில் தமிழ் கற்பிப்பவன் நான். விஞ்ஞானம் என் துறையன்று. எனினும் இக்கட்டுரை விஞ்ஞானத்தைப் பற்றியது. இன்னும் சரியாகச் சொன்னால், விஞ்ஞானத்தைக் கண்டதும் நாம் சிரிக்கின்ற சிரிப்பைப் பற்றியது. அச்சிரிப்பில் எனக்கும் பங்குண்டு. ஆதலால் குற்றஞ்சாட்டுபவனும் கூண்டில் நிற்பவனும் நானேயாகப் பேச வேண்டியிருக்கின்றது.

2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் 15ஆம் திகதி, சனிக்கிழமை, காலை எட்டு மணி முதல் எட்டு மணி ஐந்து நிமிடம் வரை, இலங்கைத் தீவிலுள்ள மக்கள் தத்தம் வளவிலும் தோட்டத்திலும் நிற்கின்ற குரங்கு, மந்தி, மர அணில், மயில் ஆகியவற்றை எண்ணிப் பதிய வேண்டும் என்று கமத்தொழில் அமைச்சு கேட்டுக்கொண்டது. கிராம உத்தியோகத்தர் வழியாகப் படிவங்கள் வந்தன. தேங்காய் ஒன்றின் விலை இருநூறு ரூபாவைத் தொட்டு நின்ற நாட்கள் அவை. பயிருக்கும் காய்க்கும் நேர்கின்ற அழிவில் இவ்விலங்குகளுக்குரிய பங்கு எவ்வளவு என்பதை அறிவதற்கு முதலில் அவற்றின் தொகையை அறிய வேண்டும் என்பது அமைச்சின் வாதம்.

நாடு சிரித்தது. தேநீர்க் கடையில் சிரித்தது, பேருந்தில் சிரித்தது, கந்தோரில் சிரித்தது. எங்கள் ஆசிரியர் ஓய்வறையிலும் சிரித்தது. “எட்டு மணி ஆறாவது நிமிடத்தில் வந்த குரங்கு என்ன பாவம் செய்தது?” என்றார் ஒருவர். “பாராளுமன்றத்தில் எண்ணிவிட்டார்களா?” என்றார் இன்னொருவர். நானும் வயிறு குலுங்கச் சிரித்தேன். தமிழாசிரியன் அல்லவா? சிலேடையாக ஒன்றிரண்டை என் பங்குக்குச் சேர்த்தும் விட்டேன்.

அதே வாரத்தில் என் வகுப்பில் ஒரு மாணவன் எழுந்தான். உன்னிச்சைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து வருபவன். அதிகம் பேசாதவன். “சேர், அந்த அஞ்சு நிமிசத்துக்குள்ள ஒரு குரங்கு ரெண்டு வளவுக்குப் போனா, அத ரெண்டாவோ எண்ணுற?” என்று கேட்டான். நான் சொன்ன மறுமொழி இது: “குரங்கிடம் அடையாள அட்டையைக் கேட்டுப் பாரப்பா.” வகுப்பு இடிந்து விழுவதுபோல் சிரித்தது. அவன் உட்கார்ந்தான்.

அன்று மாலை கணிதம் கற்பிக்கின்ற நண்பர் ஒருவரிடம் இப்பகிடியைப் பெருமையோடு எடுத்துச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. “அந்தப் பொடியன் கேட்டதுதான் இந்த எண்ணிக்கையின் முழுச் சிக்கலும்” என்றார். அவர் விளக்க விளக்க என் முகம் சுருங்கியது.

நாள் முழுவதும் எண்ணுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு குரங்குக் கூட்டம் காலையில் ஒரு வளவில், நண்பகலில் இன்னொன்றில், மாலையில் மூன்றாவதில். பத்து வளவில் பத்துப் பேர் எண்ணுவர். இருபது குரங்கு இருநூறாகும். எல்லாரும் ஒரே நேரத்தில், மிகக் குறுகிய பொழுதுக்குள் எண்ணினால் இப்பிழை குறைகின்றது. ஐந்து நிமிடம் என்று வைத்ததன் நியாயம் அதுவே. ஆனால் பொழுதைக் குறுக்கக் குறுக்க வேறொரு பிழை வளர்கின்றது. மரச்செறிவில் மறைந்திருப்பதும், அந்நேரம் காட்டுக்குள் நிற்பதும் கணக்கில் வாராமற் போகின்றன. ஒரு பிழையைச் சுருக்கினால் மற்றது பெருக்கும். இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது, எஞ்சுகின்ற பிழையை எவ்வாறு அளந்து கழிப்பது என்பதே விஞ்ஞானியின் தொழில். எங்கள் மாணவன், எவரும் கற்பியாமலே, அத்தொழிலின் வாயிற்படியில் வந்து நின்றான். நான் கதவை அவன் முகத்திலே அடித்துச் சாத்தினேன்.

*

இவ்விடத்திலே ஒரு கூற்றை மறுத்துவிட வேண்டும். “அந்த எண்ணிக்கை குறைபாடுள்ளது, குறைபாடுள்ளதைப் பார்த்துச் சிரித்தோம், இதிலே என்ன குற்றம்?” என்பர் நம் கனவான்கள். எண்ணிக்கை குறைபாடுள்ளது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். நாம் அதன் குறைபாட்டைக் கண்டா சிரித்தோம் என்பதே என் கேள்வி.

குறைபாடு எங்கே இருந்தது என்று பார்ப்போம். குரங்கின் கொடுமையால் நொந்தவன் படிவத்தைச் சிரத்தையோடு நிரப்புவான்; குரங்கையே காணாதவன் அதனை அடுப்பிலே போடுவான். நிரப்பப்பட்ட படிவங்களை மட்டும் வைத்து நாடு முழுவதற்கும் பெருக்கினால் தொகை ஊதிப்போகும். வளவுகளில் எண்ணினார்கள் சரி. ஆளில்லாக் காட்டில் எண்ணியவர் யார்? எண்ணியவர்களுக்குப் பயிற்சி தந்தவர் யார்? பயிற்சி பெற்றோர் சில இடங்களில் தனியாக எண்ணி, பாமரர் கணக்கோடு ஒப்பிட்டார்களா? இவை கேட்கப்பட வேண்டிய கேள்விகள். ஆய்வாளர் சிலர் கேட்கவும் செய்தனர். அவர்கள் குரல் நமது கும்மாளத்தில் அமிழ்ந்தது.

சில மாதங்களின்பின் முடிவு வெளியாயிற்று. குரங்குகள் ஏறத்தாழ 51 இலட்சம், மயில்கள் ஏறத்தாழ 42 இலட்சம் என்றார்கள். 2024ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இந்நாட்டு மக்கள் 2 கோடியே 17 இலட்சம். நான்கு மனிதருக்கு ஒரு குரங்கு என்று ஆகின்றது. தீவின் பரப்பு 65,610 சதுர கிலோமீற்றர். நகரமும் குளமும் மயில் ஏறாத உயர்மலையும் அனைத்தும் அடங்க, ஒவ்வொரு சதுர கிலோமீற்றரிலும் அறுபதுக்கு மேற்பட்ட மயில்கள் உலவுவதாக ஆகின்றது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய வகுத்தற் கணக்கு இது. இதனைச் செய்து பார்த்து, “இஃது எவ்வாறு பொருந்தும்?” என்று அமைச்சின் வாயிலிலே கேட்டவர் எத்தனை பேர்? மார்ச் மாதத்திலே எண்ணிக்கையைச் சிரித்துத் தீர்த்தவர்களுக்குப் பின்னர் அதனை விசாரிக்க வாயில்லாமற் போயிற்று. சிரித்து முடித்த விடயத்தை எவரும் திரும்ப எடுப்பதில்லை.

ஆனால் அரசு எடுக்கும். எண் ஒருமுறை ஏட்டிலே ஏறிவிட்டால் அதற்குக் கை கால் முளைக்கும். இத்தீவில் மட்டுமே வாழ்கின்ற செங்குரங்கு இனத்தில் ஓரிலட்சத்தைச் சீனாவுக்கு அனுப்பலாம் என்ற பேச்சு 2023ஆம் ஆண்டிலேயே எழுந்து எதிர்ப்பினால் நின்றது. நாளை அப்பேச்சு மீண்டும் எழும்போது, “51 இலட்சம் இருக்கின்றன, ஓரிலட்சம் எம்மாத்திரம்?” என்று கேட்க ஓர் எண் ஆயத்தமாக இருக்கின்றது. அந்த எண்ணை விவாதியாமல் விட்டவர்கள் நாமே.

எண்ணும் எதிரியும் சேர்ந்தால் என்ன நேரும் என்பதற்குச் சீனமே சான்று. 1958ஆம் ஆண்டில் அங்கே எலி, ஈ, நுளம்பு ஆகியவற்றோடு சிட்டுக்குருவியையும் நாசகாரிகள் பட்டியலிற் சேர்த்தார்கள். ஒரு குருவி ஆண்டொன்றுக்கு எவ்வளவு தானியம் தின்னும் என்று கணக்கிட்டு, குருவிகளின் தொகையால் பெருக்கி, அத்தனை தானியமும் மக்கள் வயிற்றுக்கு மிஞ்சும் என்று நம்பினார்கள். ஊர் திரண்டு தட்டும் தாளமும் கொட்டி, குருவியை எங்கும் இருக்கவிடாமல் விரட்டி, களைத்து விழச் செய்து கொன்றது. ஷெங் சுவோசின் என்ற பறவையியலாளரோ குருவிகளின் இரைப்பையை அறுத்து, உள்ளே கிடந்ததை எண்ணிக்கொண்டிருந்தார். நெல்மணிக்கு நடுவே பூச்சியும் புழுவும் கிடந்தன. குஞ்சு வளர்க்கும் பருவத்தில் அவையே மிகுதி. பெருங்கணக்குப் போட்டவர்கள் கண்ணுக்கு இச்சிறு கணக்கு வேடிக்கையாகவே பட்டிருக்கும். குருவியற்ற வயலில் பூச்சி பெருகிய பின்னரே அது பொருளுள்ளதாயிற்று. 1960இல் குருவியின் பெயரை நீக்கி மூட்டைப் பூச்சியைச் சேர்த்தார்கள். அக்காலத்துப் பெரும் பஞ்சத்துக்குக் காரணங்கள் பல. குருவியின் அழிவும் அவற்றுள் ஒன்றாக எண்ணப்படுகின்றது.

குருவியின் இரைப்பையை எண்ணுபவனும் குரங்கை எண்ணுபவனும் பார்வைக்குக் கோமாளிகளே. விஞ்ஞானம் எப்பொழுதும் தொடக்கத்தில் கோமாளித்தனமாகவே காட்சியளிக்கும். பழைய ஏதென்ஸ் நகரத்திலும் இதுவே கதை. கி.மு. 423இல் அரிஸ்தொபேனிஸ் என்னும் நாடகாசிரியன் ‘மேகங்கள்’ என்ற நாடகத்தை அரங்கேற்றினான். அதிலே சோக்கிரதீசு ஒரு தெள்ளுப்பூச்சியின் காலை மெழுகில் தோய்த்து, அது தன் காலடியால் எத்தனை அடி தாண்டுகின்றது என்று அளக்கின்றார். ஊரே சிரித்தது. இருபத்துநான்கு ஆண்டுகளின் பின், கி.மு. 399இல், அதே மனிதர் நீதிமன்றத்திலே நின்றபோது, தம்மைப் பற்றிய பழைய வெறுப்பின் வேரைச் சுட்டிக்காட்டுகையில் ஒரு நாடகத்தை நினைவூட்டியதாகப் பிளேட்டோ எழுதுகின்றார். நஞ்சைக் கொடுத்தது நீதிமன்றம். ஆனால் அந்த மனிதர் பரிகசிக்கத் தக்கவர் என்று ஊருக்குக் கற்பித்தது அரங்கம். அரிஸ்தொபேனிஸ் கெட்டவனல்லன், பெருங்கலைஞன். அதுதான் அச்சத்துக்குரியது.

*

குரங்குக்கு மீண்டும் வருவோம். எண்ணிக்கைக்கு ஒரு மாதம் முன்னர், 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை நண்பகலை அண்டி நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதே காரணம் என்று பொறுப்பான அமைச்சர் சொன்னார். அவ்வளவுதான், உள்நாட்டுச் சிரிப்பு வெளிநாட்டுக்கும் ஏற்றுமதியாயிற்று. இத்தீவு ஏற்றுமதி செய்தவற்றுள் தீர்வையே இல்லாமற் போனது அச்சிரிப்பு ஒன்றே.

ஒரு குரங்கால் ஒரு நாடே இருளுமா? பகிடிக்காரர் கேள்வியை இவ்விடத்தில் நிறுத்திவிட்டார்கள். விஞ்ஞானமோ இவ்விடத்தில்தான் தொடங்குகின்றது. மின்சாரத்தை ஆக்குகின்ற பெரிய சுழலிகள் பெருநிறையோடு சுழல்பவை. எங்கேனும் திடீரெனக் கோளாறு நேர்ந்தால் அவற்றின் சடத்துவம், ஓடுகின்ற வண்டி சட்டென நில்லாததுபோல, மின்னோட்டத்தின் மீடிறனைச் சில கணங்கள் தாங்கிப் பிடிக்கும். கூரையில் பதித்த சூரிய மின்தகடுகளுக்கு அச்சடத்துவம் இல்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை, தொழிற்சாலைகளும் கந்தோர்களும் ஓய்ந்திருந்தன, மின் தேவை தாழ்ந்திருந்தது. நல்ல வெயில், நாட்டு மின்சாரத்தின் பாதியளவைச் சூரிய ஒளியே தந்துகொண்டிருந்தது. தாங்கிப் பிடிக்கும் வல்லமை குன்றியிருந்த அவ்வேளையில் ஒரு மூலையில் நேர்ந்த பழுது சங்கிலிபோல் ஓடி, நுரைச்சோலை அனல் மின் நிலையத்தின் மூன்று இயந்திரங்களையும் நிறுத்திவிட்டது. அவற்றை மீட்டெடுக்கும் வரை அடுத்த நாட்களிலும் மின்வெட்டு நீடித்தது.

ஆகவே விவாதத்துக்குரியது குரங்கன்று, கட்டமைப்பு. சூரிய ஒளியை நாம் கைவிட முடியாது. நிலக்கரியின் புகையையும் கப்பற் கூலியையும் என்றென்றும் சுமக்க முடியாது. அவ்வாறாயின் ஒளியைத் தேக்கி வைக்கும் மின்கலங்களுக்கு யார் செலவழிப்பது? பழைய உபமின் நிலையங்களை யார் புதுக்குவது? வசதியுள்ளவன் கூரையில் விளைந்த மின்சாரத்துக்கு ஏற்ற கட்டமைப்பின் செலவு, கூரையே ஒழுகுகின்றவனின் மின்பட்டியலில் ஏறுவது நியாயமா? இவை வர்க்க நியாயமும் விஞ்ஞானமும் ஒன்றையொன்று தொடுகின்ற கேள்விகள். அமைச்சர் குரங்கைக் காட்டினார். நாமும் குரங்கையே பார்த்தோம். விரலைக் காட்டியவனுக்கு வேண்டியதும் அதுவே.

இரண்டு மாதங்களின்பின், சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், பகல் மூன்று மணி வரை கூரைச் சூரிய மின்தகடுகளை நிறுத்தி வைக்குமாறு உரிமையாளர்களிடம் கேட்கப்பட்டது. பலர் திகைத்தார்கள். “வெயிலை வேண்டாம் என்கிறார்களே, இதில் என்ன சூழ்ச்சி?” என்றார்கள். விடுமுறை, தாழ்ந்த தேவை, மிகுந்த வெயில்: பெப்ரவரியில் நாம் கற்றிருக்க வேண்டிய பாடமே ஏப்ரலில் திரும்பி வந்தது. முதல் முறை சிரித்தோம்; இரண்டாம் முறை சந்தேகித்தோம்; ஒருமுறையேனும் விளங்கிக்கொள்ளவில்லை. விளங்காத சிரிப்பு விளங்காத சந்தேகத்துக்குத் தாய்.

*

இவையெல்லாம் சிறு சங்கதிகள் என்பாருமுளர். அவர்களை 2021ஆம் ஆண்டுக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டது. பத்தாண்டுகளில் சேதன வேளாண்மைக்கு மாறுவோம் என்று 2019ஆம் ஆண்டுத் தேர்தலிலே சொல்லப்பட்டது. அப்பத்தாண்டு ஒரே பருவத்துக்குள் அடைக்கப்பட்டது. நிலத்தையும் நீரையும் நஞ்சிலிருந்து காப்பது என்ற நோக்கைப் பழிக்க மாட்டேன். வடமத்திய மாகாணத்திலே சிறுநீரக நோயால் விவசாயிகள் மடிவது மெய். பசளையும் பூச்சி நாசினியும் அளவின்றிக் கொட்டப்படுவதும் மெய். ஆனால் நோக்கு நல்லதாயிருந்தால் கணக்கு வேண்டாமென்று யார் சொன்னது?

கணக்கு இது. 50 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் நூற்றுக்கு 46 வீதம் நைதரசன். அதாவது 23 கிலோ. கூட்டெருவில் நைதரசன் பெரும்பாலும் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ வீதம். ஒரு மூட்டை யூரியா தருகின்ற நைதரசனைப் பெற ஒரு தொன்னுக்கு மேற்பட்ட கூட்டெரு வேண்டும். அதனை ஆக்குவதற்கான சாணமும் தழையும் எங்கே? சுமப்பதற்கான வண்டியும் கூலியும் எங்கே? பின்னர் இந்தியாவிலிருந்து நனோ நைதரசன் திரவம் வந்தது. நவம்பர்த் தொடக்கத்தில் 100 தொன்னை இந்திய விமானப் படையே ஏற்றி வந்தது. நூற்றுக்கு நான்கு வீதம் நைதரசன் கொண்ட அரை லீற்றர்ப் போத்தல் ஒன்றில் இருப்பது 20 கிராம். அது மூட்டை யூரியாவுக்கு ஈடென்று சொல்லப்பட்டது. இருபது கிராம் இருபது கிலோவின் வேலையைச் செய்யுமாயின் அதற்கு மிக வலிய சான்று வேண்டும். சான்று கேட்ட விவசாய விஞ்ஞானிகளைப் பசளைக் கம்பனிகளின் ஆட்கள் என்று ஒரு சாரார் நையாண்டி செய்தனர். பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புத்தி மாரம்பே தம் விமரிசனத்துக்காக அமைச்சின் பொறுப்புகளிலிருந்து நீக்கப்பட்டார். மறுசாராரோ, “சாணியை உண்டு வாழச் சொல்கிறார்கள்” என்று பகிடி விட்டு, நஞ்சைப் பற்றியும் நோயைப் பற்றியும் பேசியவர்கள் அனைவரையும் பைத்தியக்காரராக்கினர். இருபுறமும் சிரிப்பு; நடுவிலே கணக்குப் பார்க்க ஆளில்லை.

தடை நவம்பர் 24ஆம் திகதி நீக்கப்பட்டது. அதற்குள் பெரும்போக விதைப்பு முடிந்து பயிர் எழுந்துவிட்டது. முந்திய பெரும்போகத்தில் 30 இலட்சம் தொன்னைத் தாண்டியிருந்த நாட்டு நெல் விளைச்சல், 2021/22 பெரும்போகத்தில் 20 இலட்சம் தொன்னுக்குக் கீழே இறங்கியது. எங்கள் படுவான்கரை வட்டைகளில் அவ்வருடம் வேளாண்மை மஞ்சள் பூத்து நின்றதை நான் கண்ணாற் கண்டேன். என் மாமனார் வரம்பிலே குந்தியிருந்து ஒரு பிடி கதிரை உள்ளங்கையில் உதிர்த்துப் பார்த்தார்; பாதி பதர். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வருடத்துப் பகிடிகளில் எதனையும் அவருக்குச் சொல்ல எனக்கு நாவெழவில்லை.

*

“அப்படியானால் சிரிக்கவே கூடாதா? எள்ளல் மக்களின் ஆயுதமன்றோ?” என்று முற்போக்கு நண்பர்கள் கேட்பார்கள். ஆம், ஆயுதமே. அதனால்தான் அதனை எவர்மீது ஓங்குகின்றோம் என்று பார்க்கச் சொல்கிறேன்.

2020 டிசம்பரில் கேகாலையைச் சேர்ந்த வைத்தியர் ஒருவர் கொரோனாவுக்குத் தேனும் சாதிக்காயும் கலந்த பாணியைக் கண்டுபிடித்ததாகச் சொன்னார். தெய்வ அருளால் கிடைத்தது என்றார். ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றனர். சுகாதார அமைச்சரே அதனை அருந்திக் காட்டினார். 2021 ஜனவரியில் அவருக்கே தொற்று உறுதியாயிற்று. அப்பொழுது நாடு சிரித்த சிரிப்பு நேர்மையானது. சான்றுக்குப் பதிலாகக் காட்சியை வைத்த அதிகாரத்தின்மீது விழுந்த அடி அது. ஆயினும் அச்சிரிப்பும் அரைகுறையே. ஒரு மருந்தைச் சோதிப்பது எவ்வாறு, மருந்து கொடுத்தவரையும் கொடாதவரையும் ஏன் ஒப்பிட வேண்டும் என்பதை நாம் அந்த வரிசையில் நின்றவர்களுக்குச் சொன்னோமா? “மூடர்கள்” என்று சொன்னோம். வைத்தியசாலைக்கு அஞ்சி, கூலியை இழந்து, வேறு வழியறியாமல் நின்ற ஏழையை மூடன் என்பது பகுத்தறிவாகாது, படித்தவனின் செருக்கு.

ஆக, சிரிப்பு இருவகை. ஒன்று கேள்வியைத் தொடக்கி வைக்கும்; மற்றது கேள்வியை முடித்து வைக்கும். முன்னதற்கு விடயம் தெரிந்திருக்க வேண்டும். பின்னதற்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. முன்னது அதிகாரத்தைத் தூக்கத்திலிருந்து எழுப்பும். பின்னது அதற்குத் தாலாட்டுப் பாடும். மக்கள் சிரித்துக் கலைந்து போவதைவிட ஆட்சியாளனுக்கு உவப்பானது எது? சிரித்தவன் தான் எதிர்த்துவிட்டதாக எண்ணி வீட்டுக்குப் போய் உறங்குகின்றான். விடியும்போது வர்த்தமானி வெளிவந்திருக்கும்.

வாதமும் இவ்வாறே. வாதம் என்ற பெயரால் நம்மிடை நடப்பது பெரும்பாலும் வாய்ச்சண்டை. யார் சொன்னார், எந்தக் கட்சி, எந்த இனம், எந்த மொழி என்பதே முதற் கேள்வியாகின்றது. என்ன சொன்னார் என்பது கடைசிக்கும் வருவதில்லை. ஒருவனுடைய கூற்று பிழை என்று எதனைக் கண்டால் நான் ஒப்புவேன், என் கூற்றுப் பிழையென்று எதனைக் காட்டினால் அவன் ஒப்ப வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளாத வாதம் சேவற் சண்டை. அதிலே இறகு பறக்கும், உண்மை பறக்காது.

*

இக்கரைக்கு வருகிறேன். எங்களுக்குக் குரங்கைவிடப் பெரிய வழக்கு ஒன்றுண்டு: யானை. மாலை சாய்ந்தால் எல்லைக் கிராமங்களில் வீட்டுக்கு வெளியே வரப் பயம். வேளாண்மை பால் பிடிக்கும் பருவத்தில் பரணிலே காவல், கையில் யானைவெடி, கண்ணில் உறக்கமில்லை. 2023ஆம் ஆண்டில் மாத்திரம் நாடு முழுவதிலும் 450க்கு மேற்பட்ட யானைகளும் 150க்கு மேற்பட்ட மனிதர்களும் இம்மோதலிலே மாண்டனர். இதிலும் நகரத்திலே இரண்டு பகிடிகள் உலாவுகின்றன. யானையின் வீட்டை மனிதன் பிடித்தான், அனுபவிக்கட்டும் என்பது ஒன்று; யானைக்கு வாக்குரிமை கொடுத்துவிடலாம் என்பது மற்றொன்று. இரவு முழுவதும் விழித்திருந்த மனிதனிடம் இவற்றைச் சொல்லிப் பாருங்கள்.

யானையையும் எண்ணியிருக்கிறார்கள். 2011 ஆகஸ்டில் நீர்நிலைகளை அண்டி எண்ணியபோது 5,879 என்றார்கள். எண்ணியபின் இளம் யானைகளில் ஒரு தொகையைப் பிடித்து விகாரைகளுக்குக் கொடுக்கப்போவதாக ஒரு கதை எழுந்ததும், சுற்றாடல் அமைப்புகள் பல அந்த எண்ணிக்கையிலிருந்து விலகின. எதற்காக எண்ணுகின்றோம் என்ற கேள்வி எண்ணுவதற்கு முந்தியது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். அவர்களுடைய எதிர்ப்பு பகிடியன்று, வாதம்.

வேறொரு வழியும் இந்நாட்டிலேயே நடந்து காட்டப்பட்டிருக்கின்றது. பிருதிவிராஜ் பெர்னாண்டோவும் அவர் கூட்டத்தாரும் தீவு முழுவதையும் 25 சதுர கிலோமீற்றர்க் கட்டங்களாகப் பிரித்து, கட்டம் கட்டமாகச் சென்று, அங்கே வாழ்கின்ற மக்களிடமே கேட்டார்கள்: இங்கே யானை வருகின்றதா? எக்காலத்தில்? தனியனா, குட்டிகளோடு கூட்டமா? 2021இல் வெளியான அவ்வாய்வின்படி நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ 60 வீதத்தில் யானை நடமாடுகின்றது. அந்நிலத்தில் ஏறத்தாழ 70 வீதத்தில் மனிதரும் வாழ்கின்றனர். யானையைக் காட்டுக்குள் துரத்தி வேலியடைத்துவிடலாம் என்ற கனவை இவ்விரண்டு எண்களும் உடைக்கின்றன. காட்டெல்லையில் அடித்த மின்வேலியின் இருபுறமும் யானை நிற்கும்போது அவ்வேலி எவரைக் காக்கும்? ஊரைச் சுற்றியும், விதைப்பு முதல் அறுவடை வரை வயலைச் சுற்றியும் வேலியடைத்து, அறுவடைக்குப் பின் வயல்வேலியை நீக்கித் தாளடியை யானைக்கு விட்டுவிடலாம் என்பது அவர்கள் காட்டுகின்ற வழி. சரியோ பிழையோ, வட்டை வட்டையாகச் சோதித்துப் பார்க்கத்தக்க வழி. கவனியுங்கள்: அவர்களின் விஞ்ஞானம் ஏழை விவசாயியிடம் போய்க் கேள்வி கேட்பதிலே தொடங்கியது.

இதனையே என்னிடம் வேறு சொற்களிலே சொன்னார் எங்கள் பக்கத்து விவசாயி ஒருவர். குரங்கெண்ணும் படிவத்தைக் கையில் வைத்திருந்தார். நான் வழக்கம்போல் சிரித்துக்கொண்டு, “என்ன அண்ணன், எண்ணி முடிச்சாச்சோ?” என்றேன். அவர் சொன்னார்: “அஞ்சு நிமிசத்துல எண்ண ஏலுமோ ஏலாதோ, அது எனக்குத் தெரியா சேர். இந்தக் கரையில எங்கட நட்டத்த எண்ண ஒருத்தரும் வரல்ல. இப்பதான் ஒரு கடதாசியாவது வந்திரிக்கு.” என் சிரிப்பு அவ்விடத்திலே செத்தது.

விபுலாநந்த அடிகள் பிறந்த மாவட்டத்தை அடுத்து வாழ்கின்றோம். அவர் சமாதி கொண்ட மண் எங்களுடையது. பண்டிதராகவும் விஞ்ஞானப் பட்டதாரியாகவும் ஒருங்கே விளங்கியவர் அவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவர்; நரம்பின் நீளத்தையும் சுரத்தின் விகிதத்தையும் கணக்கிட்டு 1947இல் ‘யாழ் நூல்’ தந்தவர். தமிழனுக்குக் கணக்கு வேண்டாம் என்று அவர் எண்ணவில்லை. ஆண்டுதோறும் அவர் படத்துக்கு மாலையிடுகின்ற நாம், கணக்குக் கேட்ட மாணவனுக்குப் பகிடி கொடுத்து அனுப்புகின்றோம்.

தமிழாசிரியர்களுக்கும் விஞ்ஞான ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்வேன். படுவான்கரையின் ஒவ்வொரு பாடசாலையிலும் ஒரு கொப்பியைத் திறப்போம். ஒவ்வொரு மாதமும் ஒரே நாளில், ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் நின்று மாணவர்கள் எண்ணட்டும்: குரங்கும் மயிலும், யானை வந்த இரவும், அழிந்த தென்னையும் வயலும். காணாத நாளில் “இல்லை” என்று எழுதட்டும்; இல்லையும் ஒரு கணக்கே. பன்னிரண்டு மாதத்தின்பின் அக்கொப்பிகளைத் தூக்கிக்கொண்டு அதிகாரிகளிடம் போவோம். அன்று அவர்கள் குரங்கைக் காட்டினால் நாம் கொப்பியைக் காட்டலாம். அந்த வேளையிலே சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரிப்போம்.

அந்த மாணவனிடம் வகுப்பறையில், எல்லார் முன்னிலையிலும், பிழை என்னுடையது என்று சொன்னேன். அவன் கேட்ட கேள்வியைக் கரும்பலகையில் எழுதினேன். “பறவாயில்ல சேர்” என்றான். நல்ல பிள்ளை. ஆனால் அதற்குப் பின் அவன் என் வகுப்பில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.